நகரமண்டபம் வரை ஒரு பயணம்

புலம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று புதிய ஊரில் முதலில் வழி பழகிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. குடிவரவு அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குடும்ப வைத்தியரின் கிளினிக், தமிழ்க்கடை, கோயில் அல்லது தேவாலயம். ஆறு மாதத்துக்குள் இவற்றுக்குப் போகும் பஸ் இலக்கங்கள் எல்லாம் பாடமாகிவிடும். ஆனால் பத்து வருடம் ஆன பிறகும் எம்மவர் பலர் வாசற்படி மிதிக்காத கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் நகரமண்டபம்.

“அங்கை எங்களுக்கு என்ன வேலை?” என்பதே பொதுவாக வரும் கேள்வி. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஊரிலே கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் பத்திரக் கட்டோடு அலைந்தவர்கள் நாங்கள். அரசாங்கக் கட்டடம் என்றால் வரிசையில் நின்று, கையொப்பம் வாங்கி, வீட்டுக்கு வரும் இடம் என்றுதான் பழகியிருக்கிறோம். இங்கு குடியுரிமை எடுக்கும்வரை வாக்கும் இல்லை. பிறகு எதற்கு அங்கே போவான் என்று இருந்துவிடுகிறோம்.

வீட்டில் கண் தெரியாத ஒருவரோ, காது கேளாத ஒருவரோ, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரோ இருந்தால் இந்தத் தூரம் இன்னும் கூடிவிடுகிறது. எங்கள் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவானவர்கள் அல்லர். மிதிவெடியில் கால் போனவர்கள், செல் துண்டில் கண் போனவர்கள், குண்டுச் சத்தத்தில் செவி அடைத்தவர்கள் எங்களோடுதான் விமானம் ஏறி வந்தார்கள். “நாங்கள் போய் அலுவலை முடிச்சுக்கொண்டு வாறம், நீங்கள் வீட்டிலை இருங்கோ” என்று அவர்களிடம் சொல்கிறோம். அது அன்பினால் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்த அன்பே சில வேளைகளில் பூட்டிய கதவாகவும் ஆகிவிடுகிறது.

ரொறன்ரோ மாநகரில் இந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, எங்கே இன்னும் இறுகிக் கிடக்கிறது என்பதைக் கண் தெரியாத ஒருவரோடு ஸ்காபரோவில் இருந்து நகரமண்டபம் வரை போய்ப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

பயணத்தின் காரணம்

என்னோடு வந்தவர் உறவு முறையில் எனக்கு மாமா. கிளிநொச்சிப் பக்கத்து வயல்காரர். 2009 இல் செல் துண்டுகள் அவரது இரண்டு கண்களையும் கொண்டுபோயின. கனடாவில் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, மகளோடு ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் இருக்கிறார். இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை.

சென்ற மாரியில் மாநகரசபைக் குழு ஒன்றில் பனி அகற்றுவது பற்றிய விடயம் எடுக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. தெரியவந்த விதமும் சொல்லத்தக்கது. அவருடைய கைத்தொலைபேசி எழுத்தை வாசித்துச் சொல்லும். திரையில் விரல் வைத்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் குரலாக ஒலிக்கும். தமிழும் வாசிக்கும், ஆங்கிலமும் வாசிக்கும். மாநகரசபை தன் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலை முன்கூட்டியே இணையத்தில் போடுகிறது. அதைத்தான் மாமா தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

குழுவில் பேசவேண்டும் என்று அவர் சொன்னபோது மகள், “அப்பா, என்ன சொல்லவேணுமெண்டு சொல்லுங்கோ, நான் கதைக்கிறன்” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மாமா மறுத்துவிட்டார். “பனிக்குள்ளை பிரம்பு ஊண்டி நடக்கிறது நானெல்லே பிள்ளை?” என்றார்.

குழுவின் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பெயர் பதிந்தார்கள். பெயர், தொடர்பு இலக்கம், எந்த விடயம் பற்றிப் பேசப்போகிறார் என்பவைதான் தேவைப்பட்டன. குடியுரிமைப் பத்திரம் யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நேரில் வரலாம், காணொளி மூலம் பேசலாம், சாதாரணத் தொலைபேசியிலும் பேசலாம். மாமா தொலைபேசியைத் தெரிந்தெடுத்தார். வழக்கமாக ஒருவருக்கு ஐந்து நிமிடம். பேச வந்தவர்கள் அதிகம் என்றால் அதைக் குறைப்பதும் உண்டு.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். சொல் தடக்கிய இடத்தில் மகள் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தாள். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: “வண்டிகள் வீதியை வழிக்கும்போது சந்தி முனைகளில் பனி வயல் வரம்பு மாதிரிச் சேர்கிறது. கண் தெரிந்தவர் அதன்மேல் கால் வைத்துக் கடந்து போவார். என் பிரம்புக்கு அந்த வரம்பு எது, நடைபாதையின் விளிம்பு எது என்று தெரியாது. வீதிக்குள் இறங்கிவிட்டேனா இல்லையா என்பதும் தெரியாது. சந்தி முனைகளை முதலில் துப்பரவாக்கினால் எங்களைப் போன்றவர்களும் வெளியே வரலாம்.”

நன்றி சொன்னார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கே ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் கூட்டப் பதிவில் பேசியோர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதைக் கைத்தொலைபேசி வாசிக்க அவர் இரண்டு தரம் கேட்டாராம். சில மாதம் கழித்து என்னைக் கண்டபோது, “நான் கதைச்ச இடத்தை ஒருக்கால் பாக்கவேணும் தம்பி” என்றார். ‘பாக்கவேணும்’ என்றுதான் சொன்னார்.

அருகில் உள்ள மண்டபம்

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு முதலில் வருவது ஸ்காபரோ சிவிக் சென்ரர். ஸ்காபரோ தனி நகரசபையாக இருந்த காலத்தில் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் றேமன்ட் மொரியாமா வரைந்த இந்த வெள்ளை மண்டபத்தை 1973 இல் எலிசபெத் மகாராணி திறந்துவைத்தார். 1998 இல் ஸ்காபரோ உட்பட்ட அயல் நகரங்கள் எல்லாம் ரொறன்ரோவோடு ஒன்றாக்கப்பட்டன. அதன் பிறகு இது ஸ்காபரோ சமூகசபையின் இடமாக இருக்கிறது. நகர் முழுவதற்கும் இப்படி நான்கு சமூகசபைகள் உண்டு. வாகனத் தரிப்பு, போக்குவரத்து விளக்கு, அயலில் எழும் புதிய கட்டடம் போன்ற உள்ளூர் விடயங்கள் இவற்றுக்கு வரும்.

இதன் அருகிலேயே 2015 இல் திறக்கப்பட்ட நூலகம் இருக்கிறது. ரொறன்ரோ பொது நூலகத்தின் நூறாவது கிளை இதுதான். நூலக அட்டை எடுப்பதற்கு இந்த நகரில் வசிப்பதே போதும், குடியுரிமை தேவையில்லை. வீட்டில் கணனி இல்லாதவர்கள் மாநகரசபையின் நிகழ்ச்சிநிரலை இங்கே வந்து பார்க்கலாம். அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்குப் பேசும் புத்தகங்களும் நூலகத்தின் மூலம் கிடைக்கும்.

கணனிக்குத் திரையை வாசிக்கும் மென்பொருள் வாங்கப் பெரும் பணம் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த, கண் தெரியாத இரு இளைஞர்கள் தொடங்கினார்கள். அது முற்றிலும் இலவசம். அதன் குரல் தமிழையும் வாசிக்கும். இயந்திரக் குரல்தான், கொஞ்சம் கரகரக்கும். பழகினால் காது ஏற்றுக்கொள்ளும். சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களில் பிரெயில் பழகி வந்தவர்கள் அதையும் கைவிடத் தேவையில்லை. குரல் வேகமாகப் படிக்க உதவும். ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரியாகப் பிடிக்க விரல்தான் நல்லது.

பஸ்ஸும் சுரங்க ரெயிலும்

ஸ்காபரோ சென்ரரில் இருந்து கென்னடி நிலையத்துக்கு முன்பு ஒரு சிறிய ரெயில் ஓடியது. 2023 ஜூலை 24ஆம் திகதி அதன் பெட்டி ஒன்று தண்டவாளத்தை விட்டு விலகியது. அதன் பிறகு அந்தச் சேவை திரும்பவும் தொடங்கப்படவில்லை. நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். ரி.ரி.சி. பஸ்கள் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு. சாரதி அதை இறக்கிவிட்டால் சக்கர நாற்காலி நேராக ஏறும்.

பஸ் ஒவ்வொரு தரிப்பையும் நெருங்கும்போது ஒரு குரல் அதன் பெயரைச் சொல்கிறது. வந்து சில மாதமே ஆன எங்களுக்கு இது இயல்பான வசதி போலத் தோன்றும். அதன் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

டேவிட் லெபோவ்ஸ்கி என்பவர் ரொறன்ரோவைச் சேர்ந்த சட்டத்தரணி; கண் தெரியாதவர். தரிப்பிடங்களின் பெயரை ஒழுங்காகச் சொல்லாவிட்டால் கண் தெரியாதவர் எங்கே இறங்குவது என்று அவர் கேட்டார். கேட்டுக் கிடைக்காததால் ஒன்ராறியோ மனித உரிமை நியாயசபைக்குப் போனார். 2005 இல் சுரங்க ரெயில் நிலையங்கள் எல்லாவற்றையும் அறிவிக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது பஸ்ஸுக்கும் ஸ்ரீற்காருக்கும் தானாக நீளவில்லை. திரும்பவும் வழக்காடினார். 2007 இல் அதற்கும் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் இந்தத் தானியங்கிக் குரல் எல்லா வண்டிகளிலும் ஏறியது.

இதிலே நாங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கண் தெரியாதவர் போராடிப் பெற்ற குரல், இந்த ஊரின் வீதிப் பெயர்களை வாசிக்கத் தடுமாறும் புதிதாய் வந்தவருக்கும் வழி சொல்கிறது. சக்கர நாற்காலிக்காகத் தாழ்த்திய நடைபாதை முனையில்தான் நாங்கள் குழந்தை வண்டியையும் தமிழ்க்கடைச் சாமான் வண்டிலையும் தள்ளிக்கொண்டு போகிறோம். காது கேளாதவருக்காக ஓடும் எழுத்துவரி, ஆங்கிலம் பழகுபவருக்கும் பாடமாகிறது.

கென்னடியில் இறங்கி மின்தூக்கியில் சுரங்க ரெயிலுக்குப் போனோம். மேடை விளிம்பில் மொட்டுமொட்டாக எழும்பிய மஞ்சள் பட்டி உண்டு. மாமாவின் பிரம்பு அதில் பட்டதும் அவர் தானாகவே நின்றார். சென் ஜோர்ஜ் நிலையத்தில் மாறி ஒஸ்குட் நிலையத்தில் ஏறி வெளியே வந்தோம். புறப்படமுன்பு ஒரு விடயத்தைச் செய்துகொள்வது நல்லது. எந்த நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை என்பதை ரி.ரி.சி. தொலைபேசியிலும் இணையத்திலும் அறிவிக்கிறது. கேட்டுவிட்டுப் புறப்பட்டால் படிக்கட்டின் அடியில் நின்று தவிக்கவேண்டியதில்லை. பஸ்ஸிலோ ரெயிலிலோ போகவே முடியாதவர்களுக்கு வீல்-ட்ரான்ஸ் என்ற சேவை 1975 முதல் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கவேண்டும். அங்கே பார்ப்பது உடல்நிலையைத்தான்.

வீதியைக் கடக்கும்போது மாமா விளக்குக் கம்பத்தைத் தடவி அதிலிருந்த பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தார். வெறுமனே தட்டினால் போதாது; பிடித்தால்தான் ஒலி வரும். பொத்தானில் உள்ள அம்புக்குறியை விரலால் தடவினால் எந்தப் பக்கம் கடக்கவேண்டும் என்பது தெரியும். வடக்கு–தெற்காகக் கடக்கக் குயில் கூவுவது போல ஓர் ஒலி. கிழக்கு–மேற்குக்கு வேறொரு மெட்டு. “குயில் கூவுது, வா” என்று என் கையைப் பிடித்து அவர்தான் என்னைக் கடக்கவைத்தார்.

ஆணிச் சுவர்

ரொறன்ரோ நகரமண்டபம் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் வில்யோ ரெவெல் வரைந்தது. கட்டி முடியமுன்பே 1964 இல் அவர் காலமானார். மண்டபம் 1965 செப்ரெம்பரில் திறக்கப்பட்டது. வளைந்த இரண்டு கோபுரங்கள், நடுவில் தட்டுப்போன்ற வட்டமான சபாமண்டபம். மேலிருந்து பார்த்தால் இமைகளுக்கு நடுவே கண்மணி இருப்பதுபோலத் தோன்றும் என்பார்கள். இதை மாமாவுக்குச் சொன்னேன். “அப்ப எனக்குப் பதிலா அது பாக்கட்டும்” என்று சிரித்தார்.

முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ரொறன்ரோ என்ற பெரிய எழுத்துக்கள் நிற்கின்றன. 2015 இல் பான் அமெரிக்க விளையாட்டுக்களும், மாற்றுவலுவுள்ளோருக்கான பராபான் விளையாட்டுக்களும் இங்கு நடந்தபோது முதலில் வைக்கப்பட்டவை. படம் எடுக்கவரும் கூட்டம் இவற்றோடு திரும்பிவிடும். உள்ளே போவோர் குறைவு. உள்ளே போவதற்குக் காரணமும் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

உள்ளே கீழ்த்தளத்தில் டேவிட் பாட்றிட்ஜ் என்ற கலைஞர் செய்த ஒரு சுவர்ச் சிற்பம் உண்டு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆணிகளை அடித்து, அவற்றின் தலைகளாலேயே ஒரு பெருநகரத்தை உருவாக்கியிருக்கிறார். மாமா கையை வைத்தார். உயர்ந்த இடம், தாழ்ந்த இடம், அலையாக ஓடும் இடம் என்று விரல்கள் நெடுநேரம் நகர்ந்தன. பக்கத்தால் போனவர்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடத்தை அன்று என்னைவிட அவர்தான் நன்றாகப் பார்த்தார் என்று சொல்லலாம்.

பிறகு குழு அறைப் பக்கம் போனோம். அன்று கூட்டம் இல்லை. கதவையும் சுவரையும் தொட்டுவிட்டு, “இதுக்குள்ளைதான் என்ரை குரல் வந்ததோ?” என்று கேட்டார்.

மாநகரசபை எப்படி இயங்குகிறது என்பதைப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். மேயரும் 25 உறுப்பினர்களும் கொண்ட முழுச்சபையில் பொதுமக்கள் பேசமுடியாது, கேட்டுக்கொண்டிருக்கலாம். பேசும் இடம் குழுக்களும் சமூகசபைகளும்தான். பேச முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். அதுவும் பதிவில் சேரும். கூட்டங்களை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். சைகைமொழி பெயர்ப்போ வேறு உதவியோ தேவை என்றால் முன்கூட்டியே கேட்கவேண்டும்.

2020 இல் கொரோனா வந்தபோது சபைகள் கூடமுடியாமல் போயின. ஒன்ராறியோ அரசு சட்டத்தைத் திருத்தித் தொலைவிலிருந்தே கூட்டம் நடத்த இடங்கொடுத்தது. நோய் தணிந்த பிறகும் ரொறன்ரோவில் அந்த வழி மூடப்படவில்லை. வீட்டிலிருந்து பேசும் வசதியை வலுக்குறைந்தோர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். எல்லோருக்கும் தேவை என்று வந்தபோதுதான் அது சில வாரங்களுக்குள் முடிந்தது. தடையாக இருந்தது கருவி அல்ல என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

கூட்டம்வரை போகாமலே செய்யக்கூடியதும் உண்டு. 311 என்ற இலக்கத்தை அழைத்தால் மாநகரசபையின் எந்தச் சேவை பற்றியும் சொல்லலாம். 2009 முதல் இந்த இலக்கம் இயங்குகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இணைத்துவிடுவார்கள். காது கேளாதவர்கள் எழுத்துத் தொலைபேசியிலோ இணையத்திலோ தொடர்புகொள்ளலாம். உங்கள் வீட்டருகே உள்ள விளக்குச் சந்தியில் ஒலி இல்லை என்றால் அதைக் கேட்பதும் இந்த இலக்கத்தில்தான். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் தருவார்கள். அதைக் குறித்துவையுங்கள்.

தனியாக இட்ட வாக்கு

குடியுரிமை எடுத்தபின் வருவது வாக்கு. ஒன்ராறியோவில் உள்ளூராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்டோபர் மாத நான்காவது திங்கட்கிழமை நடக்கும். 2022 இல் அது 24ஆம் திகதி; 2026 இல் 26ஆம் திகதி.

கண் தெரியாதவர் ஒருவர் வாக்களிக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று அவருக்காகப் புள்ளடி போடுவதுதான் பழைய வழக்கம். போட்டவர் சொன்னதைத்தான் போட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். ரொறன்ரோத் தேர்தலில் இதற்கென ஒரு கருவி வைக்கிறார்கள். காதுக்குக் கேள்கருவி மாட்டினால் வேட்பாளர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். பிரெயில் குறியிட்ட பொத்தான்களால் தெரிவுசெய்யலாம். திரையில் எழுத்தைப் பெரிதாக்கலாம். கை அசைக்க முடியாதவர்கள் ஒரு குழாயில் ஊதியும் உறிஞ்சியும் தெரிவுசெய்யலாம். முடிவில் அந்தக் கருவி எல்லோருக்கும் பொதுவான அதே கடதாசி வாக்குச்சீட்டில் குறியிட்டுத் தரும். எல்லோருடைய சீட்டோடும் அது கலந்துவிடும். யாருக்கு வாக்களித்தார் என்று மகளுக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. எல்லா வாக்களிப்பு நிலையத்திலும் இந்தக் கருவி இருக்கும் என்று எண்ணவேண்டாம். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் எங்கே இருக்கிறது என்று 311 இல் கேட்டு வையுங்கள்.

கருவி வேண்டாம் என்பவர்கள் தமக்கு நம்பிக்கையான ஒருவரின் உதவியைப் பெறலாம். உள்ளே நடந்து வரமுடியாதவர் வாக்களிப்பு நிலைய எல்லைக்குள் எங்கே இருந்தாலும், வாகனத் தரிப்பிடத்தில் இருந்தாலும்கூட, அதிகாரி சீட்டை அவரிடம் கொண்டுவரவேண்டும் என்பது சட்டம். இருபது படுக்கைகளோ அதற்கு மேலோ உள்ள பராமரிப்பு இல்லங்களில் அங்கேயே வாக்களிப்பு நிலையம் வைக்கவேண்டும் என்பதும் சட்டம். தேர்தல் முடிந்து 90 நாட்களுக்குள், வலுக்குறைந்த வாக்காளருக்கு இருந்த தடைகளையும் அவற்றை நீக்கச் செய்தவற்றையும் பற்றி நகர எழுதுவினைஞர் பொது அறிக்கை வெளியிடவேண்டும்.

வீட்டிலிருந்து இணையத்தில் வாக்களிப்பது ஊருக்கு ஊர் வேறுபடும். எம்மவர் நிறைந்த மார்க்கம் நகரில் 2003 இலேயே அது தொடங்கியது. ஏஜாக்ஸ் நகரில் 2014 இல் கடதாசிச் சீட்டே இல்லாமல் இணையத்திலும் தொலைபேசியிலும் தேர்தல் நடந்தது. ரொறன்ரோவிலும் 2014 தேர்தலுக்கு வலுக்குறைந்தோருக்காக இப்படி ஒரு திட்டம் இருந்தது. பாதுகாப்புப் பற்றிய ஐயங்களோடு அது கைவிடப்பட்டது. 2022 இல் தபால் வாக்கு வந்தது. கண் தெரியாதவருக்குத் தபால் சீட்டும் ஒரு கடதாசிதான் என்பதையும் சொல்லவேண்டும்.

இன்னும் இறுகிய இடங்கள்

ஒன்ராறியோ அரசு 2005 இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதலாம் திகதிக்குள் மாகாணம் முழுவதும் வலுக்குறைந்தோருக்கு எட்டக்கூடியதாக ஆகவேண்டும் என்பது அதன் இலக்கு. அந்தத் திகதி வந்துபோயிற்று. இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் அந்தச் சட்டம் விட்டுச்சென்ற நல்ல ஏற்பாடுகளில் ஒன்று, பத்தாயிரம் பேருக்குக் குறையாத ஒவ்வொரு நகரசபையும் இதற்கென ஆலோசனைக் குழு ஒன்றை வைத்திருக்கவேண்டும் என்பது. அதன் உறுப்பினரில் பெரும்பான்மையினர் வலுக்குறைந்தோராகவே இருக்கவேண்டும். அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை மாற்றி, அவர்களையே பேசவைக்கும் ஏற்பாடு இது.

எங்களுக்கென்று தனியான தடைகளும் உண்டு. காது கேளாத ஒருவர் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து வந்தவராக இருந்தால் அவர் பழகிய சைகை வேறு, இங்குள்ள சைகைமொழி வேறு. 2016 முதல் கனடாவில் காணொளி மூலம் சைகைமொழியைப் பேச்சாக்கும் தொலைபேசிச் சேவை இயங்குகிறது. ஆனால் அமெரிக்கச் சைகைமொழியோ கியூபெக் சைகைமொழியோ தெரிந்தால்தான் அது பயன்படும். ஆங்கில வகுப்புக்குப் போவதுபோல அவர்கள் சைகைமொழி வகுப்புக்கும் போகவேண்டியிருக்கிறது. நகரசபை நிகழ்ச்சிநிரல் ஆங்கிலத்தில்தான் வருகிறது. கருவி வாசித்தாலும் விளங்கப்படுத்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாங்கள்தான். எங்கள் உதவி தேவையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மாமாவின் மகள் அன்று செய்ததுதான் அளவு. சொல் தடக்கிய இடத்தில் சொல் கொடுத்தாள். பேச்சை வாங்கிக்கொள்ளவில்லை.

எம்மவர் சிலர் இந்த மண்டபங்களில் உறுப்பினர்களாகவும் அமர்ந்திருக்கிறார்கள். 2006 இல் மார்க்கத்தில் லோகன் கணபதியும், 2017 இல் ரொறன்ரோவில் நீதன் சானும் தெரிவானார்கள். அந்த இடம் எங்களுக்குரியது அல்ல என்ற எண்ணம் இனித் தேவையில்லை. ஆனால் அது எங்கள் வீட்டில் நன்றாக நடக்கிறவர்களுக்கும் நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் மட்டும் உரியது என்று ஆகிவிடவும் கூடாது.

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிக்கும் குடும்பங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்கள் வீட்டில் உள்ளவரிடம், இந்த அயலில் எது மாறவேண்டும் என்று ஒருநாள் கேளுங்கள். கதவு திறக்காத கட்டடம், ஒலியில்லாத சந்தி, இருக்கை இல்லாத பஸ் தரிப்பு என்று ஏதாவது ஒன்று அவர் மனதில் நெடுநாளாக இருக்கும். 311 ஐ அழுத்தித் தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள். அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை. குழுவில் கிடைக்கும் ஐந்து நிமிடமும் அவருடைய நேரம்தான்.